மனைவியை பெர்லினுக்கு அழைக்க: ஜெர்மன் சட்டமா, ஐரோப்பியச் சட்டமா?

பெர்லினில் எதிரெதிர் வீட்டில் இரண்டு தமிழர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஜெர்மன் குடியுரிமை வாங்கியவர். மற்றவர் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள புதுச்சேரிக்காரர். இருவரும் ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து, மனைவியை அழைத்துப்போக விண்ணப்பிக்கிறார்கள். அலைச்சல் அதிகம் ஜெர்மன் குடிமகனுக்குத்தான்.

அவர் மனைவிக்கு உள்நாட்டுச் சட்டம். 2007 முதல், கிளம்பும் முன்பே ஏ1 என்னும் தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். சென்னையில் என்றால் தேர்வு நடக்கும் இடம் ஜெர்மன் பண்பாட்டு நிலையமான நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன். பேச்சுத் தேர்வில் பெயர், வயது, ஊர், தொழில் சொல்லி, பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒரு படிவத்தை நிரப்பி, சின்னதாக ஒரு மின்னஞ்சல். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. கேட்கச் சுலபம்தான். ஆனால் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய, பக்கத்தில் ஜெர்மன் வகுப்பே இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு இது மாதக்கணக்கில் பிரிவு. விலக்குகள் உண்டு, அவற்றை நிரூபிக்கவும் காகிதம் வேண்டும்.

புதுச்சேரிக்காரரின் மனைவிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 ஆணை: ஓர் உறுப்பு நாட்டவர் வேறொரு உறுப்பு நாட்டில் குடும்பத்தோடு வாழும் உரிமை பற்றியது. மொழித் தேர்வு இல்லை. விசாவைச் சீக்கிரம் தர வேண்டும் என்பது சட்டம். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட், திருமணச் சான்று, கணவர் அங்கே பதிவு செய்து வசிப்பதற்கான அத்தாட்சி கொடுத்தால், ஆறு மாதத்துக்குள் 5 ஆண்டு வசிப்பு அட்டை. அலுவலகத்தில் கூடுதல் காகிதம் கேட்டால், ஆணையின் 10ஆம் பிரிவைக் காட்டி வாதாடலாம்.

சரி, ஜெர்மன் வழியில் லாபமே இல்லையா? இருக்கிறது. விசா கட்டணம் இரண்டு வழியிலுமே கிடையாது. ஆனால் ஜெர்மன் வழியில், பி1 என்னும் இடைநிலை மொழித் தேர்வில் தேறிவிட்டால் 3 ஆண்டில் நிரந்தர வசிப்பு கிடைக்கும். ஐரோப்பிய வழியில் 5 ஆண்டு. அந்த வழியில் மனைவியின் உரிமை கணவரின் உரிமையைப் பிடித்தே நிற்கிறது. விவாகரத்தானால், திருமணம் 3 ஆண்டாவது நீடித்து, அதில் ஓராண்டு ஜெர்மனியில் கழிந்திருந்தால்தான் பொதுவாகப் பாதுகாப்பு.

எல்லை தாண்டி வாழ்பவருக்கே ஐரோப்பியச் சட்டம் பொருந்துவதால் வந்த வேறுபாடு இது. சொந்த நாட்டவருக்குச் சுற்றுவழி ஒன்றை ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1992 சுரிந்தர் சிங் வழக்குத் தீர்ப்பு திறந்தது: வேறொரு உறுப்பு நாட்டில் மனைவியோடு உண்மையாகவே வாழ்ந்துவிட்டுத் திரும்பினால், ஐரோப்பிய உரிமையும் கூடவே வரும்.

2012இல் பிரிட்டன் வாழ்க்கைத்துணை விசாவுக்கு 18,600 பவுண்டு ஆண்டு வருமானம் கேட்டபோது, அந்த வருமானம் இல்லாத பிரிட்டிஷ்காரர்களில் சிலர் அயர்லாந்து போய் வாழ்ந்து இப்படித்தான் திரும்பினார்கள். இது ஓட்டை, அடைக்க வேண்டும் என்று வாதிட்ட அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் கேமரன், 2016 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்திடம் அதற்கான உறுதியையும் வாங்கினார். பிறகு பிரிட்டனே ஒன்றியத்திலிருந்து வெளியேறியது. 2020 முடிவோடு சுதந்திர நடமாட்டமும் நின்றது. அண்டை நாட்டவரின் சலுகை போனதால் சொந்தக் குடிமக்களின் சுமை குறைந்ததா? 2024 ஏப்ரலில் அந்த வரம்பு 29,000 பவுண்டாக ஏறியது.

ஜெர்மனி இதைப் பார்த்தாவது எதிர்த்திசையில் போக வேண்டும். உயர்தகுதிப் பணியாளருக்கான நீல அட்டையில் வேலைக்கு வரும் இந்தியரின் மனைவியிடம் ஏ1 கேட்பதில்லை. சொந்தக் குடிமகனின் மனைவியையும் அப்படியே வரவிட்டு, புதிதாக வந்தவர்களுக்கு மொழி கற்பிக்க ஏற்கெனவே அங்கே நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.