காட்டுப் பூவை அடையாளம் காண: செயலியா, தாவர நூலா?

சோலைக்காட்டு நிழலில் நீலப் பூ ஒன்று. குறிஞ்சிதானா? கைபேசியை நீட்டுவதா, தாவர நூலைப் புரட்டுவதா என்று பலரும் குழம்புகிறார்கள்.

செலவு: ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் இலவசம். தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும் (1915–1936) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எளிமை: செயலிக்கு ஒரு படம் போதும். நூலுக்குக் கைவில்லை (சிறிய உருப்பெருக்கி) வேண்டும், பொறுமை வேண்டும், தாவரவியல் ஆங்கிலமும் வேண்டும். பாதிப் பேர் முதல் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். செங்காந்தளைச் செயலி பெரும்பாலும் சட்டென்று சொல்லிவிடும். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும். சூல்தண்டு (சூலகத்திலிருந்து நீளும் தண்டு) அடியிலேயே பக்கவாட்டில் மடிந்து நீண்டிருக்கும். வேறெந்தப் பூவோடும் குழப்பிக்கொள்ள வழியில்லை. குறிஞ்சிக் குடும்பம் அப்படியல்ல. 2006, 2018 எனப் 12 ஆண்டுக்கொரு முறை மலையை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி திறந்த புல்வெளிச் செடி. சோலை நிழலில் பூப்பது பெரும்பாலும் அதன் உறவினங்களில் ஒன்று. அவற்றைப் பிரித்தறிய மகரந்தத்தாள்கள் இரண்டா நான்கா, பூவடிச் செதிலில் (பூவின் அடியிலுள்ள சிற்றிலையில்) மயிர் உண்டா என்று பார்க்க வேண்டும். எதிரே நின்று எடுத்த படத்தில் இவை எங்கே தெரியும்?

மலையேறப் போகிறவர்களுக்குச் செயலி தாராளமாகப் போதும். பூவோடு இலை, தண்டு, செதில் எல்லாவற்றையும் படமெடுங்கள். தாவரக் கணக்கெடுப்புக்கு நூல்தான். மருந்துக்காகக் கிழங்கு தோண்டுகிறவர்கள் செயலியை நம்பவே வேண்டாம்: செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் உயிரைப் பறிக்கும் நஞ்சு.