பழைய ரம்ப மேசைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்குவோர் கவனத்திற்கு

குன்னூருக்கு அருகே சிறிய தச்சுப் பட்டறை நடத்திவரும் நான், பழைய ரம்ப மேசைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்கி ரூ.38,000 ஏமாந்திருக்கிறேன். மழைக்காலத்தில் சாரலுக்கும் மூடுபனிக்கும் கதவைச் சாத்திக்கொண்டு சில்வர் ஓக் அறுத்தால், எழும் தூள் நெஞ்சுக்குள்தான் போகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது என்று அறிந்த பிறகே இச்செலவுக்குத் துணிந்தேன்.

சமவெளியிலிருந்து வந்த விற்பனையாளர் முழுத் தொகையையும் முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். கொடுத்தது என் பிழை. நான் இல்லாத நாளில் அவருடைய ஆட்கள் வந்து பொருத்திச் சென்றனர். இயந்திரத்தின் வாய் 4 அங்குலம் இருக்க, அதைக் குறுக்கி, 2 அங்குல நெளிகுழாயை 20 அடிக்கு வளைத்து இழுத்திருந்தார்கள். விட்டம் பாதியானால் காற்றுச் செல்லும் பரப்பு கால் பங்காகிவிடும்; வரிவரியான உட்புறத்தின் உராய்வு வேறு. போதாக்குறைக்கு, மேசையின் அடிப்பாகம் நாற்புறமும் திறந்தே கிடந்ததால், உறிஞ்சிய கொஞ்சக் காற்றும் ரம்பத்தின் அருகிலிருந்து வரவில்லை. பையோ சாதாரணத் துணி. பெரிய சீவல்கள் அதில் தங்க, நுண்தூள் துணி வழியே வெளியேறி விளக்கொளியில் மிதந்தது. தரையில் படிந்திருக்க வேண்டியதை மின்சாரம் செலவழித்துக் காற்றில் கலந்துகொண்டிருந்தேன்.

தொலைபேசியில் கேட்டபோது, “மலையில் காற்று மெலிசு, அப்படித்தான் இருக்கும்” என்றார். குழாயைக் கழற்றி, இயந்திரத்தின் வாயருகே ஒரு பிடி தூளைக் காட்டியதும் சட்டென்று இழுத்துக்கொண்டது. குறை மலைக்காற்றில் இல்லை. (மோட்டார் மிகக் குறைந்த ஆம்பியரே இழுப்பதைக் கண்டு, திறன் குறைந்த மோட்டாரைத் தந்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகித்தேன். அது தவறு, காற்றுவழி அடைபட்ட விசிறி குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கும்.)

பிறகு நானே 4 அங்குல பிவிசி குழாயை வளைவின்றிக் குறுகிய தூரத்துக்குப் பொருத்தி, மேசையின் அடியில் சரிந்த தரையுடன் பிளைவுட் பெட்டி அடித்தேன். ரம்பத்தின் மோட்டார் சூடேறாதிருக்க அதை மட்டும் பெட்டிக்கு வெளியே விட்டேன். இப்போது கீழே விழும் தூளில் பெரும்பகுதி போய்விடுகிறது. ரம்பப் பற்கள் மேலே வீசும் தூளை இழுக்க, ரம்பத்தின் மேல்மூடியில் தனிக் குழாய் வேண்டும். அது இன்னும் ஆகவில்லை.

வாங்கவிருப்போர் குழாயின் விட்டத்தையும், பை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான நுண்தூளைத் தடுக்கும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். உங்கள் பட்டறையிலேயே ஒரு பலகையை அறுத்துக் காட்டிய பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள். என்னிடம் ரசீதுகூட இல்லை. அவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை.