ஸ்ட்ராஸ்பர்க் ரெண்டு நாள் ட்ரிப்: 12.30 மணிய மட்டும் விட்டுடாதீங்க

பாரிஸ்ல அத்தை வீட்டுக்குப் போயிருந்தப்ப "ஈஃபில் டவரையே எத்தன வாட்டிடா பாப்ப, கெளம்பு"ன்னு அவங்களே இழுத்துட்டுப் போன ஊரு இது. தெஜேவே (TGV) அதிவேக ரயில்ல ரெண்டு மணி நேரம் கூட ஆகல. பாண்டிலேர்ந்து பாரிஸ் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறவங்க நெறைய பேர் இருக்கீங்க, அதான் எழுதறேன்.

கத்தீட்ரல், அதாவது ஊரோட பெரிய சர்ச் பத்தி மொதல்ல. சந்து திரும்பினதும் சட்டுனு மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்குது, ரோஸ் கலர் கல்லு, 142 மீட்டர், 1647லேர்ந்து 1874 வரைக்கும் ஒலகத்துலயே உயரமான கட்டடம் இதானாம். கோபுரம் ஒண்ணுதான், ஜோடிய கட்டவே இல்ல, எனக்கு அந்த அரைகுறையே புடிச்சிருந்துச்சு. மேல மேடைக்கு 332 படி, லிஃப்ட் கெடையாது, அத்தை "நீ போயிட்டு வா, நான் பைய பாத்துக்கறேன்"னு கீழயே உக்காந்துட்டாங்க. அந்த மேடையே கிட்டத்தட்ட தஞ்சாவூர் பெரிய கோயில் உச்சி உயரம், அதுக்கு மேலயும் கோபுரம் போயிட்டே இருக்கு, முட்டி வலிச்சாலும் ஏறுங்க.

உள்ள ஒரு வானியல் கடிகாரம் இருக்கு. 12.30க்கு ஏசுவோட சீடருங்க, அதாவது அப்போஸ்தலருங்க பொம்மை வரிசையா ஏசு முன்னாடி போகும், சேவல் மூணு வாட்டி கூவும். இப்ப ஓடற மிஷின் 1843ல முடிச்சது. அதுக்குத் தனி டிக்கெட், முன்னாடியே போய் நிக்கணும், நாங்க 12.25க்கு ஆடி அசைஞ்சு போனா கதவ சாத்தியாச்சு, மறுநாள்தான் பாத்தோம்.

பெத்தீத் ஃபிரான்ஸ்னு மரச்சட்டம் போட்ட பழைய வீடுங்க உள்ள ஏரியா, ஆத்தோரம், போட்டோக்குன்னே பொறந்த எடம். பேரக் கேட்டா என்னமோ பாசமா வச்ச பேருன்னு நெனைப்போம், நெசத்துல சிபிலிஸ் வியாதிக்காரங்களுக்கு அங்க ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சாம், அந்த வியாதிய "பிரெஞ்சு நோய்"னு சொல்லுவாங்களாம், அத்தைகிட்ட சொன்னதும் "சீ போடா"ன்னுட்டாங்க. கண்ணாடிக் கூரை படகு சவாரி சுமார்தான், வெயில்ல வெந்துட்டோம். அதுக்கு பதிலா வோபான் அணைக்கட்டு மொட்டமாடிக்குப் போங்க, காசே இல்ல, வியூ இன்னும் நல்லாருக்கு. நம்மூர்ல 1761ல இங்கிலீஷ்காரன் இடிச்சுத் தள்ளினானே லூயி கோட்டை, அது கூட இந்த வோபான்ங்கற பிரெஞ்சு கோட்டை இன்ஜினியரோட பாணிதான்.

தெருப் பலகைல பிரெஞ்சு ஒரு வரி, இந்தப் பக்கத்து சொந்த பாஷையான அல்சாஸ் பாஷை ஒரு வரி. நம்ம ஒயிட் டவுன் பலகை ஞாபகம் வந்துடுச்சு.

சாப்பாட்டுக்கு தார்த் ஃபிளாம்பே, அப்பளம் மாதிரி மெல்லிசு, மேல க்ரீமும் வெங்காயமும். பன்னிக்கறி போடுவாங்க, வேணாம்னா மொதல்லயே சொல்லிடுங்க.

காலைல போய் சாயங்காலம் திரும்பற மாதிரி மட்டும் ப்ளான் போடாதீங்க, டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் கெளம்பினப்புறம்தான் கத்தீட்ரல் கல்லு வெயில் சாஞ்சு செக்கச்செவேல்னு ஆகுது. ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம், ஆனா அந்தக் கருங்கல் தெருவுல வீல் பெட்டி இழுத்துட்டுப் போகாதீங்க, கடகடன்னு அது போட்ட சத்தத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு, அத்தை என்னமோ வேற யாரோ மாதிரி பத்தடி முன்னாடி நடந்து போனாங்க.