எறிந்துவிட்டுத் துரத்துவதா, காவிக்கொண்டு நுழைவதா: கடைசி இடத்து அணிக்கு எது கட்டுப்படியாகும்?

ஐஸ் ஹொக்கியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு ஊரே சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: "பக்கை உள்ளே எறி, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்." பக் என்பது ஸ்டிக்கால் அடித்து ஆடும் ரப்பர் வட்டு. உள்ளே என்றால் எதிரணியின் நீலக்கோட்டுக்கு அப்பால். ரொறன்ரோவில் எந்த அரங்குக்குப் போனாலும் கையில் கோப்பியோடு யாராவது ஒருவர் இதைக் கத்திக்கொண்டிருப்பார். ஸ்காபரோவில் இரவு லீக் ஒன்றின் கீழ்ப்பிரிவில், அதிலும் அட்டவணையின் அடியில் கிடந்த எங்கள் அணிக்கும் இதையேதான் சொன்னார்கள். நாங்கள் மற்ற வழியை, பக்கைக் கைவிடாமல் காவிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டி நுழைவதை, எடுத்தோம். அதனால் இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்கான என்எச்எல் அளவில் அரங்கின் நீளம் 200 அடி. இரண்டு நீலக்கோடுகளுக்கும் நடுவேயுள்ள நடு வலயம் 50 அடி, ஒவ்வொரு நீலக்கோட்டிலிருந்தும் பின்சுவர் வரை 75 அடி. பக் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டுமுன் நம் ஆள் உள்ளே போனால் ஓஃப்சைட் என்ற தவறு. நடுவிலுள்ள சிவப்புக்கோட்டுக்கு வராமலே நீளமாக அடித்து, பக் எதிரணியின் கோல்கோட்டையும் தாண்டிவிட்டால் ஐசிங் என்ற தவறு. ஆக, சிவப்புக்கோடு வரை இரண்டு வழிக்கும் பாதை ஒன்றுதான். அங்கிருந்து நீலக்கோடு வரையுள்ள 25 அடியில்தான் முடிவெடுக்க வேண்டும்.

எறிவதற்கு நல்ல காரணங்கள் உண்டு. யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பக் பறிபோனாலும் எதிரணியின் மூலையில்தான் போகிறது. களைத்தவர்கள் பெஞ்சுக்கு வர நேரம் கிடைக்கிறது. எதிரணி நடு வலயத்தில் ஆட்களை அடுக்கிப் பொறி வைத்தால், காவிக்கொண்டு போவது தற்கொலைதான். ஜாக் லமேர் பயிற்றுவித்த நியூ ஜேர்சி டெவில்ஸ் அப்படிப் பொறிவைத்துத்தான் 1995 இறுதித் தொடரில் டெட்ரோயிட்டை நாலு ஆட்டங்களுக்குப் பூச்சியம் என்று வென்று, என்எச்எல் வாகைக்கான ஸ்டான்லி கிண்ணத்தை எடுத்தது. ஆனால் அந்த ஒழுங்கோடு பொறிவைக்கும் அணியை எங்கள் பிரிவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மற்றப் பக்கத்துக்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது எரிக் டல்ஸ்கியின் ஆய்வை. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பொழுதுபோக்காக ஹொக்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்கி, 2024 இல் என்எச்எல் அணியான கரோலைனா ஹரிகேன்ஸின் பொது மேலாளராகவே ஆகிவிட்டார். அவரும் நண்பர்களும் 2011-12 பருவத்தில் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் போன்ற அணிகள் நீலக்கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு தடவையையும் கையால் குறித்து, 2013 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் விளையாட்டுப் பகுப்பாய்வு மாநாட்டில் முடிவை வைத்தார்கள். பக்கைத் தம் வசத்தில் வைத்துக்கொண்டு நுழையும்போது, எறிந்து நுழைவதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகக் கோல் நோக்கிய அடிகள் கிடைக்கின்றன என்பது அந்த முடிவு.

அந்த இரண்டு மடங்கை நான் அப்படியே விழுங்கமாட்டேன். முன்னால் இடம் இருந்தால்தான் யாரும் காவிக்கொண்டு போவார்கள். நாலு பேர் மறித்து நிற்கும்போது, வேறு வழியில்லாமல் எறிவார்கள். ஆகவே எறிதலின் கணக்கில் ஏற்கெனவே கெட்டுப்போன நிலைமைகளும் சேர்ந்துவிடுகின்றன. தவிர, என்எச்எல் ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்து, முப்பது வயதுக்குமேல் ஸ்கேற் கட்டியவர்களுக்கு வழி சொல்ல முடியாது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: எறிந்த பக்கைத் திரும்ப எடுக்க ஆகும் செலவு. எறிவது, கைக்காசைக் கடன் கொடுத்துவிட்டு அதை வாங்கப் பின்னால் அலைகிற வேலை. அலையத் தெம்பு உள்ளவன் கொடுக்கலாம்.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் ஆள் சிவப்புக்கோட்டில் நின்று எறிகிறான். எதிரணியின் தடுப்பாட்டக்காரர் தன் நீலக்கோட்டில் நிற்கிறார். பக் போய்விழும் மூலைக்கு நம்மைவிட அவர் 25 அடி கிட்ட. அவர் திரும்பிப் போகவேண்டும், நம் ஆள் முன்னோக்கி வேகத்தில் வருகிறான், அதனால் அந்த 25 அடியைப் பிடித்துவிடலாம் என்பதே இந்த உத்தியின் அடிப்படை. வேகமான அணிக்கு அது சரி. எங்கள் விங்கர்கள், அதாவது ஓரத்தில் ஆடும் முன்னாட்டக்காரர்கள், சிவப்புக்கோட்டை அடையும்போதே மூச்சு வாங்குகிறது.

சரி, எப்படியோ போய்ச் சேர்ந்தான் என்றே வைத்துக்கொள்வோம். என்எச்எல்லில் பின்னாலிருந்து வருபவன் தோளால் சுவரோடு சேர்த்து இடிப்பான் என்ற பயத்திலேயே தடுப்பாட்டக்காரர் பக்கை அவசரமாகத் தள்ளிவிடுவார். அந்த அவசரம்தான் துரத்துபவனின் சம்பளம். வளர்ந்தவர்களின் பொழுதுபோக்கு லீக்குகளில் பெரும்பாலும் இடிக்கவே கூடாது. எதிரணிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆறுதலாகப் பக்கை எடுத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்துவிட்டுப் போகிறார். எறிந்து துரத்தும் ஆட்டத்தின் முக்கிய ஆயுதம் எங்கள் லீக்கில் சட்டவிரோதம். கத்துகிற ரசிகர்கள் யாரும் இதைக் கவனிப்பதில்லை.

கோல்காவலர் விஷயமும் இருக்கிறது. 2005 முதல் என்எச்எல்லில் கோல்கோட்டுக்குப் பின்னால், வலைக்கு நேர்பின்னேயுள்ள சரிவகக் கட்டத்துக்குள் மட்டும்தான் அவர் பக்கைத் தொடலாம். மூலையில் விழுவதை அவர் தொடக்கூடாது. எங்கள் லீக்கில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. மூலைக்குப் போட்டாலும், சுவரோடு சுற்றவிட்டாலும் காவலர் வெளியே வந்து நிறுத்தி வைத்துவிடுவார்.

அடுத்தது கால்கள். ஒரு பக்கைத் திரும்ப எடுக்க ஒருவன் போதாது. முதல் ஆள் பக்கிடம், இரண்டாம் ஆள் சுவரோரம் அது வெளிவரும் இடத்தில், மூன்றாம் ஆள் மேலே, நீலக்கோட்டுப் பக்கம் என்று மூவரும் வேலை செய்ய வேண்டும். எடுக்க முடியாமல் போனால் முதல் இருவரும் ஏறக்குறைய முழு அரங்கையும் திரும்ப ஓடவேண்டும். மூன்று முன்னாட்டக்காரர் கொண்ட நாலு வரிசை ஆட்கள் இருந்து, முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறுகிறவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. இரவு பத்தே முக்கால் ஆட்டத்துக்கு, விடிய வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். சில இரவுகளில் இரண்டு வரிசைக்கே ஆள் தட்டுப்படும். ஆட்டத்தின் மூன்றாம், கடைசிக் கட்டத்தில் நாங்கள் கோல் வாங்குவதற்குக் காரணம் திறமைக்குறைவு என்பதைவிட, முதல் இரண்டு கட்டங்களில் மூலைமூலையாகத் துரத்தியதுதான்.

மெதுவான அணிக்கு எறிவதுதான் பாதுகாப்பு என்பது, என் கணக்கில் தலைகீழ். வேகமும் உடம்பும் நிறைய ஆளும் உள்ளவர்களின் உத்தி அது. ரொறன்ரோக்காரர்களுக்கு இதை விளக்கப் பயிற்சியாளர் ரண்டி கார்லைல் போதும். கெட்ஸ்லாஃப், பெரி போன்ற பெரிய உடம்புக்காரர்களை வைத்துக்கொண்டு, எறிந்து இடித்து எடுக்கும் கனமான ஆட்டத்தோடு 2007 இல் அனஹெய்ம் டக்ஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். பிறகு ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸுக்கு வந்தார். 2013-14 பருவத்தில் லீக்கிலேயே தன் கோலை நோக்கி அதிக அடிகளை வாங்கிய அணி லீஃப்ஸ். 2015 ஜனவரியில் அவரை நீக்கினார்கள். எல்லாம் எறிதலால்தான் என்று பழிபோட மாட்டேன். அவர் போன பின்னும் அந்தப் பருவம் இன்னும் மோசமாகத்தான் முடிந்தது. ஆனால் ஓர் அணிக்குப் பொருந்திய ஆட்டத்தை, அதற்கான ஆட்கள் இல்லாத இன்னோர் அணிமேல் ஏற்றினால் பக் எங்கே இருக்கும் என்பதை நகரமே பார்த்தது.

காவிக்கொண்டு நுழைவதற்கு எதிரான பெரிய வாதம், நீலக்கோட்டில் பறிகொடுத்தால் எதிரணி மூன்றுக்கு இரண்டாக நம் கோலை நோக்கி வந்துவிடும் என்பது. எங்கள் அணியில் வயதில் மூத்தவர் தடுப்பில் ஆடுகிறவர். உடைமாற்றும் அறையில் அவர் கேட்டதும் இதைத்தான்: "தம்பி, நீங்கள் கோட்டிலை விட்டுட்டு நிப்பியள். பின்னாலை ஆர் ஓடுறது, நானோ?"

"இல்லை அண்ணை. ஒருத்தன் எப்பவும் மேலை நிப்பான்."

"ஆர் அந்த ஒருத்தன்? பேரைச் சொல்லு."

சரியான கேள்வி. பெயர் குறித்து ஆளை நிறுத்தாவிட்டால் இந்த வழி உண்மையிலேயே ஆபத்து. மூன்றாவதாக வருபவன் யாராக இருந்தாலும், பக் கோட்டைத் தாண்டி நம் வசத்தில் நிலைக்கும்வரை அவன் கோட்டுக்கு உள்ளே வரக்கூடாது என்று விதி வைத்தோம். இன்னொன்று, கோட்டில் வைத்து எதிராளியை வெட்டி ஏய்க்கப் பார்க்கக்கூடாது. வித்தை காட்டுகிறவன் அடுத்த முறை பெஞ்சில் இருக்கலாம்.

நாங்கள் நுழையும் முறையில் அழகு ஒன்றும் கிடையாது. வலது விங்கர் பக்கோடு சுவரோரம் வருகிறான். எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று மட்டும் பார்க்கிறான். ஸ்டிக் எட்டும் தூரத்தில், கோட்டிலேயே மல்லுக்கு நின்றால், பக்கைச் சுவரில் மெல்லத் தட்டி அவர் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய் எடுக்கப் பார்ப்பான். இதுவும் ஒருவகை எறிதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துரத்த வேண்டியது பத்துப் பதினைந்து அடி. எதிராளி பின்வாங்கினால், கீழ்ப்பிரிவில் பெரும்பாலும் பின்வாங்கத்தான் செய்வார்கள், கோட்டைத் தாண்டி இரண்டு தள்ளுத் தள்ளிவிட்டுச் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிடுவான். முதுகு எதிராளிக்கு, பக் சுவருக்கும் அவன் ஸ்கேற்றுக்கும் நடுவில். அதே நேரம் நடுவில் ஆடும் முன்னாட்டக்காரனான சென்டர் பக் இல்லாமலே நேராகக் கோலை நோக்கிப் போவான். எதிரணித் தடுப்பு ஒருவராவது அவனோடு போயாக வேண்டும். அப்போது கோட்டுக்கு உள்ளே, நடுவில், ஒரு பெரிய வெற்றிடம் திறக்கும். மேலே நின்ற அந்த மூன்றாம் ஆள் அதற்குள் வருவான்.

இதற்கு வேகம் தேவையே இல்லை என்பதுதான் இதன் அருமை. நின்று திரும்பத் தெரிந்தால் போதும். அதுவும் இரண்டு பக்கமும் திரும்பத் தெரிய வேண்டும் என்பதால், பயிற்சி நேரம் முழுக்க அதற்கே போனது. எறிதலோடு ஒப்பிட்டால் கற்கும் செலவு அதிகம். பருவத்தின் தொடக்கத்தில் ஓஃப்சைட் விசில் காதைக் கிழித்தது. பருவ முடிவில் அட்டவணையின் நடுப்பகுதிக்கு வந்தோம். புதிதாக ஒரு நல்ல கோல்காவலர் சேர்ந்ததும் அதே பருவத்தில்தான், அவருக்குரிய பங்கைக் கொடுத்துவிடுகிறேன்.

எதிராளி தண்டனைப் பெட்டியில் இருக்கும்போது எப்படி நுழைவது என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. பெரிய அணிகள் நடு வலயத்தில் பக்கைப் பின்னால் விட்டு, ஓடிவருபவனிடம் கொடுக்கின்றன. நாங்கள் செய்து பார்த்ததில் பின்னால் விட்டது பெரும்பாலும் எதிரணியிடம் போனது. ஓடிவரும் அந்த ஆள் வேகமானவனாக இருந்தால் பலிக்கும் என்று நினைக்கிறேன்.

எறிவதை அடியோடு விட்டுவிடவும் இல்லை. மூவருமே களைத்து மாறவேண்டிய நேரத்தில் எறிகிறோம். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கோல் முன்னிலையில் இருந்தாலும் எறிகிறோம். பிறகு, இந்தப் பருவம் சேர்ந்த இரண்டு பொடியன்கள் இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து நாலு வயதில் ஸ்கேற் கட்டியவர்கள். அவர்கள் வரிசைக்கு இந்த விதி எதுவும் இல்லை. எறிந்துவிட்டு அந்த 25 அடியை அவர்களால் பிடிக்க முடிகிறது, எறியட்டும்.