அசிமோவை எங்கே தொடங்குவது: ‘ஐ, ரோபாட்’டா, ‘ஃபவுண்டேஷன்’னா?

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் எழுதியதும் தொகுத்ததுமாக ஏறத்தாழ 500 புத்தகங்கள். முதலில் எதை எடுப்பது? என்னைக் கேட்டால் போட்டி இரண்டுக்குத்தான்.

‘ஐ, ரோபாட்’ 1950இல் வந்தது. ஒன்பது சிறுகதைகள், ரோபாட் உளவியலாளர் சூசன் கால்வினின் நினைவுகளாகக் கோக்கப்பட்டவை. ரோபாட்டுக்கான மூன்று விதிகளை (மனிதருக்குத் தீங்கு செய்யாதே, சொன்னதைக் கேள், உன்னைக் காத்துக்கொள்) போட்டுவிட்டு, அவை எங்கே முட்டிக்கொள்ளும் என்று தேடுவதுதான் விளையாட்டே. புதன் கிரகக் கதையைப் பாருங்கள். செலினியம் எடுத்துவரச் சொன்ன கட்டளை ஒரு பக்கம் இழுக்க, அங்குள்ள ஆபத்து மறுபக்கம் தள்ள, ரோபாட் குடித்தவன்போல் உளறிக்கொண்டு வட்டமடிக்கிறது. கோளாறு இயந்திரத்தில் இல்லை, விதிகளில் இருக்கிறது. துப்பறியும் கதையின் ருசி.

1951இல் நூலான ‘ஃபவுண்டேஷன்’ வேறு ரகம். விண்மீன் மண்டலத்தையே ஆளும் 12,000 ஆண்டுப் பேரரசு சரியப்போகிறது; பின்வரும் 30,000 ஆண்டு இருளை ஆயிரமாகச் சுருக்கக் கணிதத்தால் திட்டமிடுகிறார் ஹாரி செல்டன். பிரமாண்டமான யோசனை. ஆனால் ஆட்கள் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருவரைப் பிடித்துப்போவதற்குள் கதை பல பத்தாண்டுகள் தாவிவிடும். பெண் பாத்திரங்களைத் தேடத்தான் வேண்டும்.

புதியவருக்கு நான் ரோபாட்டைத்தான் நீட்டுவேன். வரலாற்றுப் பைத்தியம் என்றால் சரி, நேராக ‘ஃபவுண்டேஷன்’. அப்புறம் ஒன்று: கதைக்காலப்படி முன்னால் வருகிறதே என்று 1988இல் வந்த முன்கதையான ‘ப்ரீலூட் டு ஃபவுண்டேஷ’னில் தொடங்காதீர்கள்.