75 செ.மீ. விசாட் செட்: பிங்கைத் திட்டாதீர்கள், நட்டைப் பாருங்கள்

புவிநிலைச் செயற்கைக்கோள் (பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது) வழியாக இணையம் தரும் கேயு பேண்ட் (ஓர் அலைவரிசைப் பட்டை) விசாட் செட், அதாவது சிறு டிஷ்ஷும் மோடமும் கொண்ட செட், பற்றிய புகார்களில் முதலிடம் பிங்குக்குத்தான்: கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரம். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில். கேள்வி மேலே போய்க் கீழே வர வேண்டும், பதிலும் அப்படியே. ஒளி வேகத்தில் போனாலும் ஏறக்குறைய அரை விநாடி அதிலேயே போய்விடும். மோடமும் தரைநிலையமும் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் 600 மில்லிவிநாடிக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுக்கு ஆகாது. வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். படம் பார்க்க, கோப்பு அனுப்ப, கார்டு மெஷினுக்கு, தாராளமாகப் போதும்.

"பேக்கேஜில் சொன்ன வேகம் வரவில்லை" என்ற புகாரில் பாதி வி.பி.என். (தகவலைப் பூட்டி அனுப்பும் தனி இணைப்பு) செய்கிற வேலை. இணையத்தில் தகவலை அனுப்பும் டி.சி.பி. முறையில், ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய அளவுக்கு விண்டோ என்று பெயர். பழைய 64 கே.பி. விண்டோவை 600 மில்லிவிநாடியால் வகுத்துப் பாருங்கள்: ஒரு இணைப்புக்கு விநாடிக்கு 0.9 மெகாபிட்கூடத் தேறாது. அதனால்தான் மோடமே "வந்து சேர்ந்தது" என்று உள்ளூரிலேயே ஒப்புகை கொடுத்து வேகப்படுத்துகிறது. வி.பி.என்.னில் ஐபிசெக் என்ற பூட்டைப் போட்டதும் டி.சி.பி. தலைப்பு மறைந்துவிடும், மோடத்தின் கை கட்டப்பட்டுவிடும். வி.பி.என். கட்டாயம் தேவை என்றால், அதைத் தானே வேகப்படுத்தும் வசதி உள்ள மோடமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

மற்ற தொல்லைகள் எல்லாம் மாடியில். இந்த அளவு டிஷ்ஷின் கற்றை 14 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 டிகிரிதான் அகலம். நடுவிலிருந்து 1 டிகிரி விலகினால் சக்தி பாதியாகிவிடும். அந்த 1 டிகிரிக்கு டிஷ்ஷின் விளிம்பு நகர வேண்டியது வெறும் ஆறரை மில்லிமீட்டர்! பக்கத்துக் கோள் 2, 3 டிகிரி தள்ளி நிற்கிறது என்பதால், உங்கள் டிஷ் திரும்பினால் இடைஞ்சல் அடுத்தவருக்கும் சேர்த்துத்தான். கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள்; சாய்ந்திருந்தால் பிராக்கெட்டில் ஒட்டியிருக்கும் கோண அளவை நம்பவே முடியாது. நட்டுகளை எதிரெதிராகக் கால் சுற்றுக் கால் சுற்றாக, சிக்னலைப் பார்த்துக்கொண்டே இறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை மொத்தமாக இறுக்கினால் கடைசிச் சுற்றில் டிஷ் ஓடிவிடும். மலிவான செட்களின் மெல்லிய தகட்டு பிராக்கெட்டில் இது நிச்சயம் நடக்கும். இந்த செட்டின் பெரிய பலவீனம் அந்தத் தகடுதான்.

நேர்கோட்டு போலரைசேஷன் (அலை ஒரே திசையில் அதிர்வது) என்றால் ஃபீடையும், அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் அலையை அனுப்பி வாங்கும் முனையையும், சரியான கோணத்துக்குத் திருப்ப வேண்டும். இணையச் சேவையின் கட்டுப்பாட்டு மையம் சோதனை கேரியர் (தகவல் ஏற்றாத வெறும் அலை) அனுப்பச் சொல்லி, எதிர் போலரைசேஷனில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கும். "சிக்னல்தான் வருகிறதே" என்று இதைத் தட்டிக்கழிக்கும் நிறுவுநரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கேபிள் முனையில் திருகும் எஃப் கனெக்டர். கேபிளின் வெளிச்சுற்றுக் கம்பி வலையின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டால் ஷார்ட். வெளியே இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. கனெக்டருக்குமேல் சாதாரண இன்சுலேஷன் டேப் போதாது, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றுங்கள். சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். சிக்னல் குறைந்தால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வலை கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, அந்த நீளத்தை வெட்டி எறியத்தான் வேண்டும்.

கனமழையில் மோடம் தானாகவே மெதுவான பண்பேற்றத்துக்கு (அலையில் தகவலை ஏற்றும் முறை) இறங்கும். வேகம் குறையும், இணைப்பு பெரும்பாலும் நிற்கும். தூறலிலேயே அறுந்தால் மழையைக் குறை சொல்லாமல் டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சம இரவு நாட்களை ஒட்டிச் சில நாட்கள், தினமும் சில நிமிடம், சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வரும்போது அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கும். பழுது இல்லை, போன் போடத் தேவையில்லை. அந்த நிமிடங்களில் மாடி ஏறி டிஷ்ஷைப் பாருங்கள்: அதன்மேல் கிளையின் நிழல் விழுந்தால், வருடம் முழுக்க உங்கள் சிக்னலை மறைப்பது அந்தக் கிளைதான்.