சிஎன்ஜியா, ஹைபிரிட்டா, டீசலா? குடும்ப கிராஸோவரில் எரிபொருள் எங்கே மிச்சமாகிறது

மாருதி கிராண்ட் விட்டாரா போன்ற நடுத்தர கிராஸோவர் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் கேட்பது "எவ்வளவு கொடுக்கும்?" என்பதைத்தான். பதிலாக, வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சோதனை எண்களைச் சொல்வார்கள். மேனுவல் பெட்ரோல் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், ஆட்டோமேட்டிக் 20.58, ஸ்ட்ராங் ஹைபிரிட் 27.97, சிஎன்ஜி கிலோவுக்கு 26.6. ஒரே வண்டி, நான்கு வழிகள். இந்த எண்களை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் நம் ஓட்டத்துக்குப் பொருந்தாத வண்டி வாசலில் வந்து நிற்கும். ஓடும் இடம் எது என்பதை அவை சொல்வதில்லை.

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து வண்டியை ஓட்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் தொடங்குவோம், அதிகம் குழம்புவது அங்கேதான். 2022 அறிமுக விலையில் ஸீட்டா ரக ஆட்டோமேட்டிக் 15.39 லட்சம், ஸீட்டா பிளஸ் ஹைபிரிட் 17.99 லட்சம். வசதிகளில் கொஞ்சம் வேறுபாடு உண்டு என்றாலும் இடைவெளி 2.6 லட்சம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை எண்களின்படி மிச்சமாவது வருடத்துக்கு 154 லிட்டர், அதாவது சுமார் 15,400 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப 17 வருடம் ஆகும். இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொண்டு "ஹைபிரிட் வேண்டாம்" என்று எழுந்துவிடுபவர்கள் நிறைய.

இப்போது அதே வண்டிகளைச் சென்னையில் வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்குக் காலை ஒன்பது மணிக்கு ஓட்டிப் பாருங்கள். சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 11, ஹைபிரிட் 21 கொடுக்கிறது என்று கொள்வோம். நெரிசலில் இப்படியொரு இடைவெளி வியப்பானதல்ல. மிச்சம் வருடத்துக்கு 500 லிட்டரைத் தாண்டும், ஐந்து வருடத்தில் பணம் திரும்பிவிடும். காரணம் எளிது. சிக்னலில் இன்ஜின் அணைந்திருக்கும், வண்டி மோட்டாரில் நகரும், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் வேகத்தின் ஒரு பகுதி மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரி 0.76 கிலோவாட் மணிதான், நெடுந்தூரம் தாங்காது. ஆனால் நின்று நின்று போகும் சாலைக்கு அவ்வளவே போதும். ஏசி கம்ப்ரஸரும் மின்சாரத்தில் ஓடுவதால் மே மாத வெயிலில் சிக்னலில் நின்றாலும் உள்ளே குளிர்ச்சி குறைவதில்லை. மைல்ட் ஹைபிரிட் என்ற பெயரைப் பார்த்து இதெல்லாம் அதிலும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அது இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், மோட்டாரில் மட்டும் ஓடாது.

நெடுஞ்சாலைக்கு வந்தால் கதை மாறும். மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது பிரேக்கே பிடிப்பதில்லை, பேட்டரிக்குத் திரும்ப எதுவும் வராது. பெரும்பகுதி நேரம் இன்ஜின்தான் இழுக்கிறது. அது அட்கின்சன் முறையில் இயங்கும் சிக்கனமான இன்ஜின் என்பதால் கொஞ்சம் லாபம் இருக்கும், நகரத்தில் கிடைத்த அளவு இராது. டிக்கியும் 373 லிட்டரிலிருந்து 265 ஆகச் சுருங்கும். தீபாவளிக்கு ஐந்து பேர் பெட்டிகளோடு ஊருக்குப் போகும் வீட்டில் இது பெரிய விஷயம்.

சிஎன்ஜியில் கிலோவை 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 3.38 ரூபாய் ஆகிறது. மேனுவல் பெட்ரோலில் 4.74, ஹைபிரிட்டில் 3.58. எல்லாம் சோதனை எண்கள்தான். 2023 ஜனவரியில் வந்தபோது பெட்ரோலைவிட சுமார் 95,000 ரூபாய்தான் கூடுதல் என்பதால் கணக்கில் இது வலுவான போட்டியாளர். இதற்காக நாம் விட்டுக்கொடுப்பது வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஜின் சக்தி 103 பிஎஸ்ஸிலிருந்து (குதிரைத்திறன் அளவு) 88க்கு இறங்கும். சிலிண்டர் டிக்கியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பங்க்கில் அழுத்தம் குறைவாக இருந்தால் டேங்க் முழுதாக நிரம்பாது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே வரிசை குறைவான சிஎன்ஜி பங்க் இருந்தால் மட்டும் யோசியுங்கள். 2025இல் வந்த மாருதி விக்டோரிஸில் சிலிண்டரை வண்டியின் அடிப்பக்கம் கொண்டுபோய் டிக்கியை விடுவித்திருக்கிறார்கள். சிஎன்ஜி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர் அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

டீசலுக்கு இந்த வகுப்பில் நல்ல உதாரணம், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா. மேனுவல் டீசலுக்கு 21.8, மேனுவல் பெட்ரோலுக்கு 17.4. 250 நியூட்டன் மீட்டர் இழுவை இருப்பதால் முழுச் சுமையோடு ஏற்காடு ஏறும்போதும் திணறாது. வாரந்தோறும் சென்னை–மதுரை போகிறவர்களுக்கு என் கை இதைத்தான் காட்டும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். பிஎஸ்6 மாசு விதிகளின்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, நீண்ட சூடான ஓட்டம் கிடைத்தால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குறுகிய ஓட்டத்திலேயே நாள் கழிந்தால் அடைத்துக்கொள்ளும்.

புது வண்டியே வாங்காமல், இருப்பதைச் சிக்கனமாக ஓட்டுவது இன்னொரு வழி. இதற்குத் தர வேண்டிய மதிப்பை நாம் தருவதில்லை. லிட்டருக்கு 21இலிருந்து 28 ஆக்கினால் நூறு கிலோமீட்டரில் மிச்சம் 1.19 லிட்டர். 12 கொடுக்கும் பழைய வண்டியை 15க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 1.67 லிட்டர். ஏழு கூடியதைவிட மூன்று கூடியது அதிகம் மிச்சம் பிடிக்கிறது! மைலேஜை எப்போதும் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள், அப்போதுதான் பணம் போகும் இடம் தெரியும்.

12ஐ 15 ஆக்குவது பெரும்பாலும் வலது கால் செய்யும் வேலை. விரட்டி ஓட்டி சட்டென்று பிரேக் பிடிக்கும் பழக்கத்தால் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம், நின்று நகரும் போக்குவரத்தில் 10 முதல் 40 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. டயர் காற்றில் கிடைப்பது இதை நோக்கச் சிறியது, சராசரியாக ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைவுக்கு 0.2 சதவீதம். ஆனாலும் டயர் தேயாமல் இருக்கவும் பிரேக் சரியாகப் பிடிக்கவும், ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்கு மாதம் ஒருமுறை காலையில், டயர் சூடேறுமுன் காற்றைச் சரிபாருங்கள். ஊருக்குப் போய் வந்ததும் கூரைப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், நெடுஞ்சாலையில் அது பெட்ரோலை நன்றாகவே குடிக்கும். மைலேஜ் கூட்டுவதாக விற்கும் காந்தப் பட்டை, கருவி வகையறாக்களில் காசு போடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தும் குறிப்பிடத்தக்க பலன் தரும் ஒன்றைக் காணவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் மைலேஜ் இறங்கியதற்குத் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம். எத்தனால் லிட்டருக்குத் தரும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால், அதற்கென வடிவமைக்காத கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது.

ஓட்டத்தில் பாதிக்கு மேல் நகர நெரிசல், வண்டியைப் பத்து வருடம் வைத்திருப்பேன் என்றால் என் தேர்வு ஹைபிரிட். பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருப்பதும் தைரியம் தருகிறது. வருடத்துக்கு 8,000 கிலோமீட்டருக்குள் ஓடுபவர் மேனுவல் பெட்ரோலை எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தைப் பிள்ளைகள் பெயரில் போட்டு வைக்கலாம். எதுவானாலும், டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காட்டும் காலிச் சாலை வேண்டாம். நீங்கள் தினமும் போகும் பாதையில், நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் வண்டியைக் கேளுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து, ஏசியைப் போட்டு, வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்.